நாலு நாள் கரண்ட் இல்லாத வீடு: இந்தக் குளிர்காலக் காற்றுக்கு எப்படித் தயாராவது? (அமெரிக்கா, சியாட்டில் நகரும் அதன் கிழக்குப் பக்கமான ஈஸ்ட்சைடும்)

காவிரிக்கரை | சமாமிஷ் | 4 அக்டோபர் 2025

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை ராத்திரி அடிச்ச காற்றை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. எங்க வீட்டுல ஏழரை மணி வாக்கில் கரண்ட் போச்சு. திரும்பி வந்தது சனிக்கிழமை மதியம். மூணாம் நாள் காலையில் ஹாலில் 49 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸ் கணக்கில் 9. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடும். ஆறு வயசுப் பொண்ணுக்கு ரெண்டு ஸ்வெட்டர், மேலே ஜாக்கெட் போட்டு, மூணு பேரும் ஒரே கட்டிலில் படுத்தோம். போனில் சிக்னலும் போயிடுச்சு. அந்த அமைதியில், எங்கேயோ மரம் முறியற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தது.

நாங்க மூணு பேர் எப்படியோ சமாளிச்சோம். இந்த வருஷம் நிலைமை வேற. நவம்பர் 10 அன்னிக்கு அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வர்றாங்க, ஆறு மாசம் இருப்பாங்க. அப்பாவுக்கு 74. தூங்கும்போது மூச்சு தடைபடாம இருக்க சிபாப் மெஷின் வேணும். அம்மாவுக்கு இன்சுலின். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனாலே ரெண்டு பேருக்கும் உடம்பு தாங்காது.

எங்க வீட்டுல ஹீட்டர் கேஸ்தான். ஆனா கரண்ட் இல்லைன்னா ஓட மாட்டேங்குது. கேஸ் ஃபயர்ப்ளேஸும் சுவிட்சைத் தட்டினா எரியலை. ஜெனரேட்டர் வாங்கணுமா? வேற என்னென்ன செய்யணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

கிர்க்லண்ட்_பழசு | 4 அக்டோபர்

தம்பி, அக்டோபர்லயே கேட்டது நல்லது. காற்று வர்ற வாரம் கடைக்குப் போனா பேட்டரி வைக்கிற தட்டு காலியாத்தான் இருக்கும்.

நான் 1998-ல் இங்கே வந்தேன். 1993 ஜனவரி 20 அன்னிக்கு, கிளின்டன் பதவி ஏத்துக்கிட்ட நாளில், அடிச்ச காற்றைப் பத்தி எங்க தெருப் பெரியவங்க அப்போ சொல்லிக்கிட்டே இருப்பாங்க. கதைன்னு நினைச்சேன். 2006 டிசம்பர் 14 வியாழக்கிழமை ராத்திரி எனக்கே புரிஞ்சது. அதுக்கு முந்தின நவம்பர் இங்கே பதிவானதிலேயே அதிக மழை பெய்த மாசம். சியாட்டிலின் சீடாக் விமான நிலையத்தில் 15 அங்குலத்துக்கு மேல். மண்ணு ஊறிக் கூழா இருக்கும்போது, அதே விமான நிலையத்தில் மணிக்கு 69 மைல் காற்று. மரமெல்லாம் வேரோட சாய்ஞ்சு கம்பி மேல விழுந்துச்சு. வாஷிங்டன் மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போச்சு. எங்களுக்கு ஆறு நாள். ஒரு வாரம் தாண்டியும் கரண்ட் வராத தெருக்கள் இருந்துச்சு.

அதனால "72 மணி நேரத்துக்குத் தயாரா இருங்க"ன்னு யாராவது சொன்னா அதோட நிறுத்திக்காதீங்க. ஒரு வாரத்துக்குத் திட்டம் போடுங்க.

இன்னொண்ணு, கராஜ் கதவு. கரண்ட் இல்லைன்னா பட்டன் வேலை செய்யாது. மேலே தொங்குற சிவப்புக் கயிற்றை இழுத்தா கதவு மோட்டாரிலிருந்து விடுபடும், கையால தூக்கலாம். வீட்டுல எல்லாரும் ஒரு தடவை செஞ்சு பழகுங்க. 2006-ல் என் கார் ஒரு நாள் முழுக்க உள்ளேயே கிடந்தது, எனக்கு அந்தக் கயிறு எதுக்குன்னே தெரியாது. பெட்ரோல் டேங்கையும் முன்னாடியே நிரப்பிடுங்க. கரண்ட் இல்லாத பங்க்கில் பம்பு ஓடாது. கையில கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

---

உடுமலைக்காரன் | இசக்குவா | 5 அக்டோபர்

நான் மரம் பாக்குற வேலைலதானுங்க இருக்கேன். போன வருஷக் காத்து ஏன் அப்படி நாசம் பண்ணுச்சுன்னு கொஞ்சம் சொல்றேன்.

இங்க குளிர்காலத்துல வர்ற காத்து நம்மூர்ப் புயல் மாதிரி சூடான கடல்ல இருந்து பலம் எடுக்குறது இல்லைங்க. வடக்கத்திக் குளிர்காத்தும் தெற்கத்தி வெதுவெதுப்பும் மோதுற இடத்துல உருவாகுறது. வழக்கமா தெற்கு இல்லைன்னா தென்மேற்குல இருந்துதான் அடிக்கும். ஆனா 2024-ல தாழ்வழுத்தம் வான்கூவர் தீவுக்கு மேற்க, கடல்லயே நின்னுக்கிச்சு. கேஸ்கேட் மலைக்குக் கிழக்க அழுத்தம் கூட, மேற்க குறைச்சல். அந்த வித்தியாசத்துக்குக் காத்து மலைக் கணவாய் வழியா கிழக்க இருந்து பிச்சுக்கிட்டு வந்துருச்சு. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்ல வர்ற காத்து பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எப்படி ஆளையே தள்ளும்? அதே கணக்குத்தானுங்க. எனம்க்லா பக்கம் மணிக்கு 70 மைலத் தாண்டுச்சு.

மரம் எந்தப் பக்கம் காத்து வாங்குதோ அதுக்குத் தக்கன வேரை ஊன்றிக்கும். நூறு வருஷமாத் தெற்குக் காத்துக்குப் பழகுன டக்லஸ் ஃபர் மரம், கிழக்க இருந்து ஒரே ராத்திரில தள்ளுனா என்ன பண்ணும்? அதனாலதான் நல்லாப் பச்சையா இருந்த மரமெல்லாம் விழுந்துச்சு. அன்னைக்கு ரெண்டு பேரு உயிரு போச்சு, ரெண்டுமே மரம் விழுந்துதான். பெல்வியூல ஒருத்தங்க அவங்க வீட்டுக்குள்ள, குளியலறைல இருந்தப்பவே.

இப்பவே வீட்டைச் சுத்தி ஒரு நடை நடந்து பாருங்க. அடிமரத்துல தட்டுத்தட்டாக் காளான் இருக்கா? வேர்ப்பக்கம் மண்ணு தூக்கிட்டோ வெடிச்சோ இருக்கா? புதுசாச் சாஞ்சிருக்கா? பக்கத்து மனைல வீடு கட்டறதுக்குத் தோப்பை வெட்டி, ஓரத்து மரம் மட்டும் தனியா நிக்குதா? கடைசியாச் சொன்னதுக்குத்தான் நான் ரொம்பப் பயப்படுவேன். கூட்டமா நின்ன மரத்துக்குத் தனியா நிக்கத் தெரியாதுங்க. சான்று வாங்குன மரவல்லுநரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. நீங்களா வெட்டாதீங்க, பெரிய மரம்னா நகராட்சி அனுமதி வேணும்.

காத்து அடிக்கிற ராத்திரி மாடில படுக்காதீங்க. கீழ்த்தளத்துல, பெரிய மரத்துக்கு எதிர்ப்பக்கத்து ரூம்ல எல்லாரும் படுங்க.

---

பேராவூரணி | ரென்டன் | 5 அக்டோபர்

எங்க ஊர்ல 2018 கஜா புயலை நேர்ல பார்த்தவன் நான். லீவுல ஊருக்குப் போயிருந்தேன். நவம்பர் 16 விடியக்காலை. விடிஞ்சு வெளியில வந்தா, தாத்தா வெச்ச தென்னந்தோப்பு முழுக்கப் படுத்துக் கிடந்துச்சு. அப்பா வரப்புல உக்காந்தவரு மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல. டெல்டா முழுக்க லட்சத்துக்கு மேல மின்கம்பம் விழுந்துச்சுன்னு சொன்னாங்க. எங்க கிராமத்துக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் கரண்ட் வந்துச்சு.

அதைப் பார்த்தவனுக்கு நாலு நாள் பெரிய விஷயமில்ல. ஜெனரேட்டருக்கு ஆயிரம் டாலர் போட வேண்டாம். ஒரு குமுட்டி அடுப்பு, ரெண்டு மூட்டை கரி போதும். போன வருஷம் அப்படித்தான் பண்ணினேன். கராஜ்ல கதவை ஒரு அடி திறந்து வெச்சுக் கரியை மூட்டி, நல்லா கனிஞ்சு புகை அடங்கினதும் ஹாலுக்குத் தூக்கிட்டு வந்தேன். சமையலும் ஆச்சு, குளிரும் போச்சு. பசங்க சுத்தி உக்காந்து கை காய்ஞ்சாங்க.

---

வெண்தாமரை | 5 அக்டோபர்

பேராவூரணி அண்ணா, உங்க தோப்பைப் பற்றி எழுதினதைப் படிச்சு மனசு கனத்துப் போச்சு. ஆனா கடைசிப் பத்தியைப் படிச்சதும் கை நடுங்கிடுச்சு. தயவுசெஞ்சு இனிமே இதைச் செய்யாதீங்க. படிக்கிற யாரும் செய்யாதீங்க. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பதினேழு வருஷமா நர்ஸா இருக்கேன்.

கிர்க்லண்ட் அண்ணா சொன்ன 2006 காற்றில் மரமும் வெள்ளமும் சிலரைக் கொன்னது. அதுக்குப் பிறகு வந்த குளிர் நாட்களில், வீட்டுக்குள்ளே கார்பன் மோனாக்சைடால் 8 பேர் இறந்தாங்க. 200-க்கும் மேற்பட்டவங்க சிகிச்சைக்கு வந்தாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க நம்மை மாதிரி வேற நாட்டிலிருந்து வந்தவங்க. நிறைய பேர் வீட்டுக்குள்ளே கரி மூட்டினவங்க. ஒரே குடும்பத்தில் நாலு பேர் போனாங்க. சியாட்டில் டைம்ஸ் பத்திரிகை முதல் பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கை போட வேண்டி வந்தது.

நம்ம ஆட்கள் ஏன் இதில் ஏமாறுறோம்னு நான் நிறைய யோசிச்சிருக்கேன். ஊர்ல ஆச்சி குமுட்டி அடுப்பை வீட்டுக்குள்ளேதான் வெச்சிருந்தாங்க. பிள்ளை பெத்தவ கட்டிலுக்கு அடியில் தணல் வெச்சாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஏன்னா அது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போகும், முற்றம் திறந்து கிடக்கும், கதவு சாத்தின நாளே கிடையாது. இங்கே வீட்டை டப்பா மாதிரி அடைச்சுக் கட்டுறாங்க, குளிர் உள்ளே வரக் கூடாதுன்னு. உள்ளே உண்டாகிற விஷமும் வெளியே போகாது.

புகை அடங்கிடுச்சே, இனிமே பயமில்லைன்னு நினைக்கிறோமே, அங்கேதான் ஏமாறுறோம். கண்ணில் படுறது புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. சாம்பல் பூத்த கங்கிலிருந்து அது வந்துக்கிட்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமா ஒட்டிக்கும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி. காய்ச்சல் வரப் போகுதுன்னு நினைச்சுப் படுப்பாங்க. தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க.

கராஜ் கதவு ஒரு அடி திறந்திருந்தா பத்தாது. கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஜிப்சம் பலகைச் சுவர் வழியாவே இந்த வாயு ஊடுருவும். போன் சார்ஜ் பண்ண கராஜுக்குள்ளே காரை ஓட விடுறதும் இதே ஆபத்துதான். காரை முழுக்க வெளியே எடுத்துட்டு ஓட்டுங்க.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனா சரியாகுதுன்னா சந்தேகமே வேண்டாம். உடனே எல்லாரும் வெளியே வந்து 911-ஐக் கூப்பிடுங்க. கோவிட் சமயத்தில் வாங்கின விரல் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்து "98 காட்டுது, பரவாயில்லை"ன்னு உட்காராதீங்க. அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

---

பேராவூரணி | 5 அக்டோபர்

சகோதரி, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். போன வருஷம் ரெண்டாம் நாள் ராத்திரி சின்னவன் ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். மனைவிக்கு மண்டை வெடிக்கிற வலி. பக்கத்துக் கடையில வாங்கின சாப்பாடு சரியில்லன்னு நினைச்சோம். மறுநாள் கரண்ட் வந்துச்சு, அடுப்பை அணைச்சோம், ரெண்டு பேருக்கும் சரியாயிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் சாப்பாட்டு மேலதான் பழி போட்டுக்கிட்டு இருந்தோம்.

மேல நான் எழுதினதை அழிக்கல. அதைப் பார்த்து யாருக்காவது புத்தி வரட்டும். கரி மூட்டையைத் தோட்டத்துக் கொட்டகைக்கு மாத்திட்டேன்.

---

பொதிகை | பாத்தல் | 6 அக்டோபர்

காவிரிக்கரை, உங்க கேள்விக்கு வாரேன். நான் எலக்ட்ரிகல் இன்ஜினியர்.

கேஸ் ஹீட்டர்ல நெருப்பு கேஸ், ஆனா சூட்டை வீட்டுக்குள்ள தள்ளுற விசிறி கரண்ட்ல ஓடுது. அதான் ஓடலை. அந்த விசிறிக்கு ஆயிரம் வாட்டுக்குள்ளதான் வேணும். 2000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் போதும், கூடவே ஃபிரிட்ஜையும் மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம். ஆனா ஹீட்டர் சுவருக்குள்ள வயரிங்ல இருக்கு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வெச்சு டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (தெருக் கம்பியிலிருந்து பிரிச்சு ஜெனரேட்டருக்கு மாத்துறது) போடணும். ரெண்டு பக்கமும் ஆண் பிளக் வெச்ச வயரைச் செஞ்சு ஜெனரேட்டரைச் சுவர் பிளக்ல செருகுறவங்க இருக்காங்க. அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போயி, டிரான்ஸ்ஃபார்மர்ல ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏறி, கம்பத்துல ஏறி வேலை பாக்குற மனுஷனைக் கொன்னுரும். நமக்குக் கரண்ட் குடுக்க மழையில நிக்குறவரு அவரு.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பாத்து இருக்கணும். மழைன்னு சொல்லித் தாழ்வாரத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

அதுக்கு முன்னாடி செலவே இல்லாத ஒண்ணைப் பாருங்க. உங்க கேஸ் ஃபயர்ப்ளேஸ் அடித்தட்டைக் கழட்டுங்க. பழைய மாடல்னா சின்னதா பைலட் தீ எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதுக்குக் கரண்டே வேண்டாம். புது மாடல் பலதுல கரண்ட் போனா பயன்படுத்த பேட்டரிப் பெட்டி இருக்கும். பேட்டரி போட்டா எரியும். வெளிய புகைபோக்கி உள்ள ஃபயர்ப்ளேஸ்னா அது பாதுகாப்பு. ஆனாலும் வருஷா வருஷம் சுத்தம் பண்ணிருங்க. என் வீட்டுல குடி வந்து ஏழு வருஷம் கழிச்சுத்தான் அந்தப் பெட்டியையே பாத்தேன். அந்த ஏழு வருஷத்துல ரெண்டு குளிர்காலம் பிள்ளைங்க நடுங்குனது நெனச்சா இப்பவும் வருத்தமா இருக்கு.

சிபாப் மெஷினுக்கு 12 வோல்ட் டிசி வயர் தனியா கிடைக்கும். ஈரப்பதத் தொட்டியையும் ஹீட்டர் குழாயையும் அணைச்சா, 500 வாட்-அவர் பேட்டரி ரெண்டு ராத்திரி வரைக்கும் தாங்கும். பகல்ல காரை வெளிய நிறுத்தி அதுல சார்ஜ் பண்ணிக்கலாம். அப்பா வந்த முதல் வாரமே ஒரு ராத்திரி பேட்டரியில ஓட்டிப் பாருங்க. மின் நிறுவனத்துலயும் மருத்துவக் கருவி இருக்குன்னு பதிஞ்சு வைங்க. அதுக்காக உங்களுக்கு முதல்ல கரண்ட் வரும்னு நம்பிராதீங்க.

---

மழைநாள் | பெல்வியூ, அபார்ட்மென்ட் | 6 அக்டோபர்

எங்களை மாதிரி மூணாம் மாடியில் இருக்கிறவங்களுக்கு ஜெனரேட்டர், ஃபயர்ப்ளேஸ் எதுவும் கிடையாது. அடுப்பும் கரண்ட் அடுப்பு. போன வருஷம் எனக்கு அஞ்சு மாசக் குழந்தை. ஃப்ரீசரில் சேர்த்து வெச்ச தாய்ப்பால் உருகிடுமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை.

அப்புறம் தெரிஞ்சுக்கிட்டது: நிறைஞ்ச ஃப்ரீசரைத் திறக்காம வெச்சா 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைஞ்சிருந்தா 24. கீழே ஃபிரிட்ஜ் 4 மணி நேரம்தான். இப்போ காலி இடத்தில் எல்லாம் தண்ணி பாட்டிலை உறைய வெச்சு நிரப்பிடறேன்.

எங்களைக் காப்பாற்றியது நூலகம்தான். கரண்ட் இருந்த நூலகங்களும் சமூக மையங்களும் குளிர்காயத் திறந்திருந்தாங்க. 211-க்குப் போன் பண்ணினா எங்கே திறந்திருக்குன்னு சொல்வாங்க. வீட்டில் ஒரே ரூமைத் தேர்ந்தெடுத்து, கதவிடுக்கில் துண்டை அடைச்சு, ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, எல்லாரும் அதிலேயே இருந்தோம். கேம்ப் ஸ்டவ்வை உள்ளே பத்த வைக்கலை. அவல், பொரிகடலை, பழம், பிரெட், பீனட் பட்டர். மூணு நாளும் அதுதான்.

---

வல்லிபுரம் | பர்னபி, கனடா | 7 அக்டோபர்

எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதுறன். நீங்கள் சொல்லுற அதே 2006 காத்து இஞ்சையும் அடிச்சது. ஸ்டான்லி பார்க்கில மட்டும் ஏறக்குறைய 10,000 மரம் விழுந்தது. பிறகு 2018 டிசம்பர் 20, அதுவும் மறக்கேலாது.

தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில எங்களுக்கு வருசக்கணக்கா கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சு, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில படிச்சுத்தான் நான் ஏ.எல். (உயர்தர) சோதினை எடுத்தனான். அதால இருட்டு எனக்குப் பயமில்லை. எண்டாலும் இஞ்சை ஒரு மெழுகுதிரி கூடக் கொழுத்த விடுறதில்லை. மரத்தால கட்டின வீடு, கம்பளம், திரைச்சீலை. றோட்டை மறிச்சு மரம் விழுந்து கிடந்தா தீயணைப்பு வண்டியும் வராது. தலையில கட்டுற லைற் ஆளுக்கொண்டு வாங்குங்கோ. வயசான ஆக்களுக்கு ரெண்டு கையும் சும்மா இருந்தாத்தான் படியைப் பிடிச்சு இறங்கலாம்.

அப்பா அம்மாவுக்கு இன்னொண்டு. அவையளுக்கு இந்த இருட்டு புதுசு. காலமை எட்டு மணிக்குத்தான் விடியும். கரண்டும் இல்லையெண்டா மனம் சோர்ந்து போகும். பாட்டு, கதை, சீட்டுக்கட்டு, ஒரு பேட்டரி றேடியோ. இதையும் சாமான் பட்டியல்ல சேருங்கோ தம்பி.

---

காவிரிக்கரை | 7 அக்டோபர்

வெண்தாமரை அக்கா, அம்மாவோட இன்சுலினை என்ன பண்றது? வெளியில் குளிரா இருக்கே, பால்கனியில் வைக்கலாமா?

---

வெண்தாமரை | 7 அக்டோபர்

வேண்டாம். இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா கெட்டுடும், உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. இப்போ ஊசி போட்டுக்கிட்டு இருக்கிற பேனா சாதாரண அறைக் குளிர்ச்சியில் பெரும்பாலும் 28 நாள் வரைக்கும் இருக்கலாம், அவங்க மருந்துத் தாளில் எத்தனை நாள்னு பார்த்துக்கோங்க. திறக்காததை ஐஸ் பெட்டியில், ஐஸ் மேல் நேரா படாம துணி சுத்தி வைங்க. ஊரிலிருந்து வரும்போதே மருந்துச் சீட்டும் கூடுதல் மாத்திரையும் எடுத்து வரச் சொல்லுங்க.

---

உடுமலைக்காரன் | 8 அக்டோபர்

இன்னொண்ணு விட்டுட்டேனுங்க. காத்து நின்னதும் வேடிக்கை பாக்கப் போகாதீங்க. அறுந்து கிடக்குற கம்பில கரண்ட் இருக்கும்னே நினைச்சுக்குங்க, 35 அடி தள்ளி நில்லுங்க. கார் மேல கம்பி விழுந்தா உள்ளயே உக்காந்து 911 கூப்பிடுங்க. கார் தீப்பிடிச்சா மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்துல தொடாம, ரெண்டு காலையும் சேத்துக் குதிச்சு, காலைத் தூக்காம தேச்சுத் தேச்சு நகருங்க. சிக்னல் எரியாத சந்திப்புல எல்லாப் பக்கமும் நின்னு நின்னுதான் போகணும்.

---

காவிரிக்கரை | 1 நவம்பர்

நேத்து முழுக்க உட்கார்ந்து முடிச்சேன். ஃபயர்ப்ளேஸ் அடித்தட்டில் பொதிகை சொன்ன பேட்டரிப் பெட்டி இருந்தது. ஆறு வருஷமா அங்கேயே இருந்திருக்கு. பேட்டரி போட்டேன், எரிஞ்சது. கராஜ் கயிற்றை மனைவியும் பொண்ணும் இழுத்துப் பழகிட்டாங்க. வடகிழக்கு மூலையில் ஒரு மரத்தடியில் காளான் இருந்தது. மரவல்லுநர் வந்து பார்த்தார், அடுத்த வாரம் வெட்டுறாங்க. பக்கத்து வீட்டுப் பாட்டி ஆக்ஸிஜன் மெஷினில் இருக்காங்கன்னு இத்தனை நாள் எனக்குத் தெரியாது. கரண்ட் போனா முதலில் யார் அவங்க கதவைத் தட்டுறதுன்னு மூணு வீட்டுக்காரங்க பேசி வெச்சிருக்கோம்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழட்டிப் பின்பக்கம் தேதி பார்த்தேன். 2013. பட்டனை அழுத்தினா சத்தம் வருது, ஆனா உள்ளே இருக்கிற உணரியோட ஆயுள் முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. மாடிக்கு ஒண்ணு, கீழே ஒண்ணு புதுசா மாட்டினேன்.

---

வெண்தாமரை | 1 நவம்பர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. அப்பா அம்மாவுக்கு அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க. நீங்க ஆபீசில் இருக்கும்போது அடிச்சா அவங்களுக்குத் தெரியணும். புகை அலாரம் மூணு மூணா அடிக்கும், இது நாலு நாலா அடிக்கும். 911-ல் மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துவிடுவாங்க. "டமில்"னு சொல்லத் தெரிஞ்சா போதும்.

---

காவிரிக்கரை | 1 நவம்பர்

எழுதி அலாரத்துக்குக் கீழே ஒட்டிட்டேன் அக்கா. யாருக்காவது பயன்பட்டா எடுத்துக்கோங்க:

"அப்பா, அம்மா. இது நாலு நாலு தடவையாகக் கத்தினால் வீட்டில் விஷக்காற்று இருக்கிறது என்று அர்த்தம். மணம் வராது. எதையும் எடுக்க வேண்டாம், செருப்புகூட வேண்டாம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்விடுங்கள். சிவப்பு போனில் 911. 'டமில்' என்று சொல்லுங்கள். வீட்டு விலாசம் போனின் பின்னால் ஒட்டியிருக்கிறது. தீயணைப்புக்காரர் சொல்லும் வரை உள்ளே வர வேண்டாம். எவ்வளவு குளிராக இருந்தாலும்."